ஒட்டுப்பொட்டு வாக்கெடுப்பு

மார்ச் 5, புதன்

வெயில் இப்போதே இப்படிச் சுடுகிறது. சித்திரைக்கு என்ன மிச்சம் வைக்கப்போகிறதோ தெரியவில்லை.

நாளை முதல் மூன்று நாள் அச்சுவேலியில் செயலமர்வு. கொண்டுபோக: பிறவுண் பேப்பர், மாஸ்கிங் ரேப், மார்க்கர் (கறுப்பு காய்ந்துவிட்டது), வர்ண அட்டைகள், தலையிடிக் குளிசை. வாக்கெடுப்புக்கு ஒட்டுகிற வட்டங்கள் கொக்குவிலில் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் ஒரு கடைக்காரப் பிள்ளை ஒட்டுப்பொட்டுப் பைக்கற்றை நீட்டினாள். சிவப்பு, நடுத்தர அளவு.

"உது வேர்த்தாலும் விழாது அக்கா."

வாங்கினேன். இத்தனை வருடம் பயிற்சி கொடுக்கிற வளவாளர் தொழிலில் பொட்டு வைத்து வாக்கெடுப்பது இதுவே முதல் தடவை.

இந்தமுறை ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கம். மிளகாய்த்தூள், சரக்குத்தூள், பனங்கிழங்கு ஒடியல்மா அரைத்துப் பொதிசெய்து விற்கிறார்கள். முகாமையாளர் பத்மா அக்கா. போன கிழமை போனில் கரகரத்த குரலில் கேட்டார்: "திட்டமிடல், தொடர்பாடல், தலைமைத்துவம் எல்லாம் வேணும் மிஸ். மூண்டு நாளிலை முடியுமோ?" முடியும் என்றேன். வேறு வேலை இல்லை என்பதைச் சொல்லவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். தொண்டையில் கட்டி. சத்திரசிகிச்சை 19ஆம் திகதி. சங்கத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று முன்னமே பிற்போட்டவராம். இனிப் பொறுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "பொறுப்பை ஒராளிட்டைக் குடுத்தாத்தான் நான் நிம்மதியாப் போய்ப் படுப்பன்."

அறிக்கையில் இதை 'அடுத்தகட்டத் தலைமைத்துவத்தை உருவாக்குதல்' என்று எழுதுவேன். இப்படி எழுதி எழுதியே பிழைப்பு.


மார்ச் 6, வியாழன்

பஸ்ஸில் இருக்க இடமில்லை. போய் இறங்கும்போதே மிளகாய் நெடி. மூன்று தும்மலோடு என் அறிமுகம்.

விளக்கேற்றல், தேவாரம், மௌன அஞ்சலி. கதிரைகளை வட்டமாகப் போட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி வரிசை. யார் மாற்றியது என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

வழமைபோல் முதலில் விதிகள். பேப்பரில் பெரிதாக எழுதினேன்: போனை நிற்பாட்டி வைத்தல். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேட்டல். இங்கே சொல்வது இங்கேயே இருக்கும். மூன்றாவதுக்கு எல்லாத் தலையும் ஒன்றாக ஆடியது. எந்தச் செயலமர்விலும் இவ்வளவு வேகமாக ஆடிக் காணவில்லை.

துஷாந்தி என்று ஒருத்தி. முப்பது வயது இருக்கும். அரைக்கும் பகுதிக்குப் பொறுப்பு. மத்தியானம் மெசினின் பட்டி அறுந்தது. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்து, நான் விட்ட இடத்தில் இருந்து தொடரச் சொன்னாள். வங்கி வேலையும் அவள்தான், கடைக்காரரோடு கதைப்பதும் அவள்தான். என் பக்கத்தில் நின்றவளைக் காட்டி பத்மா அக்கா சொன்னார்: "என்ரை கையும் காலும் உவள்தான் மிஸ்."

வேலை லேசாக முடியும் போலிருக்கிறது. ஆள் ஏற்கெனவே இருக்கிறாள். எனக்கு மூன்று நாள் சம்பளம் சும்மா.

கால் வீக்கம். சுடுதண்ணீர்.


மார்ச் 7, வெள்ளி

'ஐந்து வருடத்தில் எங்கள் சங்கம்'. எல்லோருக்கும் ஒரு தாளும் பஸ்டலும் கொடுத்துக் கீறச் சொன்னேன். ஆலை பெரிதாக, வாசலில் லொறி, நடுவில் போனும் கையுமாகத் துஷாந்தி. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இதுதான். பொதியிடுகிற பகுதி வசந்தி அவளுக்குக் கண்ணாடி வேறு போட்டிருந்தாள்.

துஷாந்தியின் தாளில் ஆலை, வாசல், மாமரம். ஆள் ஒருவரும் இல்லை.

"ஆக்களைக் கீறத் தெரியாது மிஸ்."

பின்னேரம் தன் ஸ்கூட்டியில் என்னைப் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். பஸ் வரும்வரை நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"மிஸ், நீங்கள் வெளி ஆள். அதாலை சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கனடா விசா வந்திட்டுது. செவ்வாய்க்கிழமை பிளைட்."

கணவன் அங்கே போய் நாலு வருடம். பத்மா அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"போய் இறங்கினாப்பிறகு எடுத்துச் சொல்லுவன். எங்கடை பெரியக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டவ. எயார்போட்டிலை வைச்சுத் திருப்பி விட்டிட்டாங்கள். அம்மா தலையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவ."

"அப்ப நாளைக்கு உம்மைத் தெரிவு செய்தால், ஏலாது எண்டு சொல்லும்."

"ஏன் எண்டு கேப்பினமே."

பஸ் வந்துவிட்டது. "சரி, சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

இதில் அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என் தம்பி லண்டன் போனபோது பொதி கட்டிக்கொடுத்தவள் நான். கொழும்பில் கூட்டாளியின் கலியாணம் என்றுதான் சொன்னான். கலியாணத்துக்கு ஏனடா இவ்வளவு சுவெட்டர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் செத்தவீட்டை ஒலிபெருக்கி கட்டிச் சொல்வார்கள். பயணத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் 19ஆம் திகதி?


மார்ச் 8, சனி

இன்று மகளிர் தினமாம். யாரோ எல்லோருக்கும் ரோசாப்பூ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். பொறுப்பை ஒராளிடம் கொடுக்காமல் இரண்டு பேராக எடுத்தால் என்ன? துஷாந்தியும் வசந்தியும்? எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். துஷாந்தி தன் நகத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கூச்சம் போல.

பத்மா அக்கா மட்டும் என்னைப் பார்த்தார். வெகு நேரம்.

"ஆருக்கும் ஏதும் சொல்ல இருந்தால் இப்பவே சொல்லுங்கோ. மிஸ், நீங்களும் சொல்லலாம்."

அழகாக ஒரு பதில் சொன்னேன்: "இது உங்கடை முடிவு அக்கா. வளவாளர் முடிவு சொல்லக் கூடாது." புத்தகத்தில் இருக்கிற பதில்.

சுவரில் பேப்பர், அதில் பெயர்கள். ஆளுக்கு ஒரு பொட்டு. வரிசையாக வந்து ஒட்டினார்கள். அத்தனையும் துஷாந்தியின் பெயரைச் சுற்றி, அம்மை போட்டது மாதிரி. அவளுடைய பொட்டும் அங்கேதான். வசந்தியின் பெயருக்குப் பக்கத்தில் வெறும் பேப்பர்.

பத்மா அக்கா ஆலைக் கதவுகளின் திறப்புக் கோர்வையை எடுத்துத் துஷாந்தியின் கையில் வைத்தார். அவள் அழுதாள். வசந்தி அழுதாள். பிறகு எல்லோரும். அவர்களுக்குச் சந்தோசக் கண்ணீர். நான்தான் குழப்பத்தில் இருக்கிறேன், இவர்கள் பாவம் ஒன்றும் தெரியாமல் அழுகிறார்கள்.

பாயாசம். இரண்டு தரம் குடித்தேன், வெட்கமில்லாமல்.


மார்ச் 9, ஞாயிறு

தலையிடி. உடுப்புத் தோய்க்கவில்லை. அறிக்கைக்குத் தலைப்பு மட்டும் போட்டாயிற்று.

பத்மா அக்காவின் நம்பரை எடுப்பதும் வைப்பதும். காரணங்கள்:

வாக்குக் கொடுத்துவிட்டேன்.

'இங்கே சொல்வது இங்கேயே' என்று எழுதி ஒட்டியவளே நான்.

கண்ணூறு, சகுனம் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பயணம் குழம்பினால் என் தலையில்தான் விழும். (நம்பிக்கை இல்லையாம்.)

செவ்வாய் வரைதானே.

கடைசிக் காரணம் சுத்தப் பொய். செவ்வாய்க்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது?


மார்ச் 12, புதன்

வசந்தி எடுத்தாள். துஷாந்தி போய்விட்டாளாம். கட்டாரில் அடுத்த பிளைட்டுக்குக் காத்திருக்கும்போதே பத்மா அக்காவுக்குப் போன். பத்மா அக்கா "சந்தோசம் பிள்ளை, சுகமாப் போய்ச் சேரும்" என்று மட்டும் சொன்னாராம். துஷாந்தியின் தாய் கொண்டுவந்து கொடுத்த திறப்புக் கோர்வையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மிளகாய் கிண்டப் போய்விட்டாராம்.

"மிஸ், நீங்கள் ஒருக்கா வாங்கோ."

நாளைக்குப் போயா விடுமுறை. வெள்ளிக்கிழமை வாறன் என்றேன். நாளைக்கும் போகலாம்தான், பஸ் ஓடும். எனக்குத்தான் முகம் இல்லை.


மார்ச் 14, வெள்ளி

எங்கே தொடங்குவது.

கதிரைகள் வரிசையில். நான் வட்டமாக்கவில்லை. அரைக்கும் பகுதியில் நிற்கிற ஒரு பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள், அழுதுகொண்டே.

"எனக்கு முதலே தெரியும் அக்கா. என்னட்டை மட்டும்தான் சொன்னவ எண்டு நினைச்சன்."

"என்னட்டையும் சொன்னவள்" என்றாள் அடுத்தவள். "எனக்கு மட்டும்தான் எண்டு."

அப்படியே வரிசையாக. ஒருத்திக்குத் துஷாந்தியே. ஒருத்திக்குத் தாய். ஒருத்திக்கு மச்சாளின் வாயால். எல்லோரிடமும் சத்தியம். மூன்று நாள் ஒரே அறையில், ஒரே இரகசியத்தை, ஒவ்வொருத்தியும் தன்னுடையது என்று நினைத்துக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்குத் தொடர்பாடல் படிப்பித்தேன்.

"பிறகேன் அவவுக்குப் பொட்டு ஒட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

வசந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒட்டாட்டி, எங்களுக்குத் தெரியும் எண்டு விளங்கிடுமே மிஸ்."

பத்மா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸுக்கு?"

"தெரியும் அக்கா. வெள்ளிக்கிழமை சொன்னவ."

தலையாட்டினார். "எனக்குப் போன மாசமே தெரியும். தாய்க்காரி கோயில்லை வைச்சுச் சொன்னவ. வாய் திறக்கப்படாது எண்டு."

என் காதை நான் நம்பவில்லை. பிறகேன் செயலமர்வு, பிறகேன் திறப்பு என்று உளறினேன்.

"நான் கேட்டால் போற பிள்ளையை மறிச்ச மாதிரி. உவையளும் கேக்க மாட்டினம். அவள் நிக்கமாட்டாள் எண்டு ஆரும் ஒராள் சொல்லியிருந்தால், வேற ஒருத்தி எழும்பியிருப்பாள். நீங்கள் வெளி ஆள். எல்லாரையும் கதைக்க வைக்கிற ஆள். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டனான்."

கோபமில்லை குரலில். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே இல்லாமல் போனால் போதும் என்று இருந்தது.

இப்போதாவது யாராவது எடுக்கலாமே என்றேன். வசந்திக்குக் கணக்கு வராது. இன்னொருத்திக்குச் சின்னப் பிள்ளைகள். இன்னொருத்தியின் புருஷன் விடமாட்டார். நான் வந்து ஒரு மாதம் இருக்கிறேன் என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

பத்மா அக்கா சிரித்தார். "நீங்கள் மூண்டு நாளைக்கு வாற ஆள், மிஸ். பரவாயில்லை. திகதியை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கிறன்."

வெளிக்கிடும்போது சுவரைப் பார்த்தேன். பேப்பர் இன்னும் அங்கேதான். கடைக்காரப் பிள்ளை சொன்னது சரி, ஒரு பொட்டும் விழவில்லை.


மார்ச் 19, புதன்

விடிய விடிய மழை. பங்குனியில் இப்படி ஒரு மழை. முன்விறாந்தை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். அறிக்கை அரைவாசி. 'தொடர்பாடல்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரியும் இல்லை.

இன்றுதான் அந்த நாள். பத்மா அக்கா இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும்.

புதுத் திகதி கிடைத்ததா என்று கேட்கப் போன் எடுத்தேன். வசந்திதான் எடுத்தாள்.

"அக்கா முத்தத்திலை காயப்போட்ட மிளகாய் அள்ளுறா மிஸ். எல்லாம் நனைஞ்சுபோச்சு."

"திகதி எப்பவாம்?"

வசந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன். திகதி மாத்தேல்லை. ஒப்பரேசன் வேண்டாமெண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு வந்திட்டா. நான்தான் கூடப் போனனான். என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நிரம்பிய வாளியைக் காலால் நகர்த்தினேன்.

"மிஸ்? சொல்லமாட்டியள்தானே?"

'சரி' என்பது வாய்வரை வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம். விழுங்கினேன்.

"மற்ற ஆக்கள் எல்லாம் எங்கை வசந்தி?"

"இஞ்சைதான். அக்காவோடை அள்ளுகினம்."

"போனை ஸ்பீக்கரிலை போட்டுக்கொண்டு முத்தத்துக்குப் போம்."

"மிஸ்…"

"போம் பிள்ளை."

வைத்துவிட்டாள்.

திருப்பி எடுத்தேன், அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தபோது போனை நிற்பாட்டி வைத்திருந்தாள்.

குடையின் ஒரு கம்பி முறிந்திருக்கிறது. பரவாயில்லை. அடுத்த அச்சுவேலி பஸ்ஸுக்கு வெளிக்கிட வேண்டும்.