வெள்ளிக்கிழமை வாத்தியக்காரர்கள்

செப்டம்பர் 16, புதன்

புழுக்கம். மலைப்பக்கம் கருத்துக் கிடக்கிறது, மழை இல்லை. அரிசி, மண்ணெண்ணெய், ரொட்டி வாங்கியாயிற்று. நாளை முதல் சாலை மறியல், இட ஒதுக்கீடு கேட்டு. கடைத்தெரு முழுக்க இதே பேச்சு.

டாக்டர் இவருக்கு ஊசி போட்டுவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். இதய வால்வு கெட்டுவிட்டது. "இங்க வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சேலம் கொண்டு போயிடுங்க."

கார் முருகேசன் விடியற்காலை வருவதாகச் சொல்லியிருக்கிறான். பையில்: துண்டு, பிளாஸ்க், எக்ஸ்ரே, மாற்று வேட்டி. இவருக்குப் படுத்தால் மூச்சு நிற்கிறது. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். கால் வீக்கம் முழங்கால் வரை.

செப்டம்பர் 17, வியாழன்

கார் வரவில்லை. விடிவதற்கு முன்பே கோடாலிச் சத்தம். சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். உளுந்தூர்பேட்டை ரோட்டிலும். பஸ் இல்லை, பால் இல்லை. நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கும் லீவு.

முருகேசன் வீட்டுக்கே போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினான். "கண்ணாடிய ஒடச்சாகூடப் பரவால்லக்கா. கொளுத்திட்டானுங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்?" கோபம் வந்தது. திட்ட வாய் வரவில்லை. கார்தான் அவனுக்குச் சோறு.

இவர் பகல் முழுக்க மைக்கேலைப் பற்றியே பேசினார். சென்னையில் டிவி வந்த புதிதில் வெள்ளி இரவு ஏழரைக்கு ஒரு பல்சுவை நிகழ்ச்சி உண்டு. நாடகத் துண்டு, மிமிக்ரி, மேஜிக், நடுநடுவே பாட்டு. மைக்கேல் டிரம்ஸ், வரதன் பிடில், இவர் அக்கார்டியன். நான் கோரஸ். பெரிய டிரம் அதிகமாக அதிர்கிறது என்று ஒருநாள் மைக்கேல் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து அதற்குள் திணித்துவிட்டார். அவர் மனைவி அதில் ரோஜாப் பூவும் இரண்டு கிளியும் பூத்தையல் போட்டிருந்தாள். கேமராக்காரர் டிரம்மைக் கிட்டத்தில் காட்ட, ஊர் முழுக்கக் கிளியைப் பார்த்தது. "அன்னிக்கு ராத்திரி அவரை வூட்டுக்குள்ளயே வுடலையாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததற்கு அப்புறம் வெகுநேரம் இருமல். துண்டில் இளஞ்சிவப்பாக நுரை.

செப்டம்பர் 18, வெள்ளி

வெயில். மருந்துக் கடையில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. நீர் பிரிகிற ஊசி இனி இல்லை. லாரி வந்தால்தான்.

மதியம் வரதன் வந்து நின்றார். எலவனாசூர்கோட்டையிலிருந்து நடந்தே. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினாராம். செருப்பு அறுந்து, குதிகால் வெடித்து ரத்தம். பையில் கொய்யாப்பழம். இவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. குரலை மட்டும் மாற்றவில்லை.

"இன்னா சிகாமணி, மாப்பிள்ள கணக்கா சாஞ்சிக்கினு கீற?"

"வா. உனக்கு இன்னும் சுதி சேரலியா?"

ஸ்டுடியோ ஏசியில் வரதனுடைய தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும். பிடிலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்தபடி நிற்பார். வெள்ளை உடுத்தினால் கேமராவுக்குக் கண் கூசும் என்று தடை. இவருக்கோ வெள்ளை வேட்டி தவிர வேறு கிடையாது. கேன்டீன் டீயில் முக்கிக் காயவைத்துக் கட்டிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு மணி நேரமும் ஏலக்காய் வாசனை.

ஒன்றுமே பதிவாகவில்லை. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. போனது, போனதுதான். எங்களிடம் ஒரு போட்டோ கூட இல்லை.

ஏழரைக்கு இவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பார்ப்பார். இன்று வரதனும் பார்த்தார்.

செப்டம்பர் 19, சனி

மாட்டு வண்டி கிடைத்தது. சின்னசேலம் வரை போய்விட்டால் ஏதாவது ரயில் இருக்கலாம் என்று வரதன் சொன்னார். வைக்கோல் பரப்பி, இவரை என் மேல் சாய்த்து உட்காரவைத்தோம்.

முதல் மரத்துக்கு அந்தப் பக்கம் இருபது முப்பது பேர். "எங்க போறீங்க? இன்னா ஆளுங்க?"

"வாத்தியக்காரங்க. டிவில வாசிச்சவங்க. உடம்பு சரியில்லப்பா," என்றார் வரதன்.

"இங்க ஏது டிவி?" என்றான் ஒருவன். கேலியாக இல்லை. உண்மைதான். அப்போது இந்தப் பக்கம் டிவி தெரியாது. நாங்கள் வாசித்ததை இங்கே ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை.

பச்சைச் சட்டை போட்ட உயரமான ஆள் ஒருவர், காதில் கடுக்கன், வண்டிக்குள் குனிந்து பார்த்தார். கையில் கோடாலி. "மூஞ்சப் பாத்தா தெரியல? தூக்குங்கடா." மாட்டை அவிழ்த்து, இவரை இறக்காமலே வண்டியைத் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தார்கள். ஒருவன் என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தான்.

அடுத்த மரத்தில் யாரும் இல்லை. அதுவோ பெரிய மரம். நாங்கள் திகைத்து நிற்கும்போதே போலீஸ் லாரிச் சத்தம், பின்னால் கூச்சல், தடியடி. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டார். வரதனும் நானும் இவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பக்கத்தில் இருந்த பம்புசெட் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தோம்.

இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். இவர் வரதனிடம் கேட்கிறார், "அன்னிக்கு வேட்டிய முக்குனது டீயா, காப்பியா?"

"டீ."

"காப்பிடா."

"டீ. அவங்களயே கேளு."

நான் டீ என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

விடியும்போது போய்விட்டார். என் தோளில்தான்.

வரதன் ரோட்டுக்குப் போய் ஆள் கூட்டிவந்தார். அதே பச்சைச் சட்டைக்காரர், இன்னும் மூன்று பேர். ஒருவனுக்கு நெற்றியில் கட்டு. கயிற்றுக் கட்டிலில் வைத்து, மரங்களின் மேல் ஏறி இறங்கி வீடு வரை சுமந்தார்கள். வாசலில் இறக்கிவிட்டுப் பச்சைச் சட்டைக்காரர் சொன்னார், "மன்னிச்சிக்கங்கம்மா." நான் கதவைத் திறந்தேன்.

மைக்கேலுக்குத் தந்தி அடிக்க வழியில்லை. கம்பி அறுந்து கிடக்கிறது.

சாயங்காலம் எரித்தோம். கொள்ளி வைத்தது வரதன்.

செப்டம்பர் 21, 22

ஒன்றும் எழுத இல்லை. சாப்பிட்டேனா என்று வரதன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மழை.

செப்டம்பர் 24, வியாழன்

ரோடு திறந்துவிட்டது. பஸ் ஓடுகிறது. சேலம் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோதுதான் முதல்முறை வாய்விட்டு அழுதேன்.

பத்து மணிக்கு வாசலில் போலீஸ் ஜீப். பின்னால் மூன்று பேரை உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் அந்தப் பச்சைச் சட்டைக்காரர். சட்டை கிழிந்து, உதடு வீங்கி. என்னைப் பார்க்கவில்லை.

"மரம் வெட்டுனவன் இவன்தானா, நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு இவனுங்கதான் காரணம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பொய் இல்லை. காரணம்தான். அந்தக் கையில் நான் கோடாலியைப் பார்த்தேன். இவருடைய கால்மாட்டைத் தூக்கி வந்ததும் அதே கைதான்.

வரதன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரை நான் பாத்ததே இல்லீங்க," என்றேன்.

"நெசமாவா?"

"பாத்ததே இல்ல."

ஜீப் போய்விட்டது. அவரை விட்டார்களா, தெரியாது. எனக்குக் கோபம் தீரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மைக்கேலுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். வரதன் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பிரார்த்தனைப் பாட்டை நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.