நாற்பது மில்லிமீட்டர்

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று பதினேழு ஜோடி லென்ஸ் அரைத்தேன். ஒன்றைத் திருப்பி அனுப்பினேன், மையம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. முதலாளி முனகினார்.

மாலையில் படுக்கையறையில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, இருபது இருபது நிமிடமாக இரண்டு தவணை மிதித்தேன். கணவர் கதவருகே நின்று, "எங்கயும் போகாத வண்டிக்கு இவ்ளோ மூச்சு வாங்கணுமா?" என்றார். பதில் சொல்லக் கைவசம் மூச்சில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சைக்கிள் கிளப் ஓட்டம். 30:40.

பத்து கிலோமீட்டர் போய், ரோட்டில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் திரும்பி, பத்து வர வேண்டும். நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றுக்குத் தப்ப முடியாது. நானும் கடிகாரமும்தான்.

கிளப் ஷெட்டுக்குள் ஒரு பலகை உண்டு. போன செப்டம்பரில் இந்தப் புதுப் பாதைக்கு மாறிய பிறகு, முப்பது நிமிடத்துக்குள் முடித்தவர்களின் பெயர் மட்டும் அதில் இருக்கும். இதுவரை ஐந்து பேர். செயலாளர் தன் கையால் பெயின்டில் எழுதுவார். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மேன்தான். கடைசிப் பெயர் அவருடையது: 29:58. அறுபத்து மூன்று வயது ஆள், அன்று ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தப் பலகையில் என் பெயர் வர வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு ஆசையா? ஆமாம், இப்படி ஒரு ஆசை.

மார்ச் 5, புதன்

கழுத்து வலி. தலையை இறக்கி, முகவாய் கையைத் தொடுகிற மாதிரி ஓட்டினால் பத்து விநாடி மிச்சம் என்கிறார் மெக்கானிக். அந்தக் கழுத்து என்னுடையது என்பது அவருக்கு ஞாபகமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

30:19.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் போன் 19.63 கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்றார். போஸ்ட்மேனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "போன் மரத்தடியில எல்லாம் குழம்புங்க. இந்தப் பாதைய அளந்தது யார் தெரியுமா? நம்ம அரை மில்லி!"

அரை மில்லி நான்தான். கடை வேலையை வைத்து அவர் சூட்டிய பெயர். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் தூரம் சொல்லும் என் சைக்கிள் மீட்டரை வைத்துத்தான் செப்டம்பரில் பாதையை அளந்தோம். திரும்பும் இடத்தில் கோடு போட்டதும் நானே. புதியவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

30:02. இரண்டு விநாடியை எங்கே விட்டேன்? கோட்டில் திரும்பும்போது பிரேக்கைப் பயந்து பிடித்தேன். அங்கேதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

29:51!

எதிர்க்காற்றே இல்லை. கால் வேறு யாருடையதோ போல வேலை செய்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர், "நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன். சனிக்கிழமை பெயின்ட் வாங்கி வருவதாகப் போஸ்ட்மேன் சொல்லியிருக்கிறார். சந்தோஷம். வேறு வார்த்தை தேட வேண்டாம்.

ஏப்ரல் 30, புதன்

பின் டயர் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போனேன். மாற்றிவிட்டு மீட்டரையும் பார்த்தார்.

"அக்கா, இதுல சக்கரத்தோட சுற்றளவு 2136 மில்லின்னு இருக்கே. அது தடி டயருக்கு. உங்களது மெல்லிசு, 2096தான் வரணும்."

"மெல்லிசு எப்ப போட்டோம்?"

"போன ஆகஸ்ட்ல. நான்தானே போட்டேன்."

பாதையை அளந்தது செப்டம்பரில்.

வீட்டு நடையில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை ஒரே சுற்று உருட்டி டேப்பால் அளந்தேன். 2096. மறுபடியும். 2096. மறுபடியும். டயரை மாற்றிக்கொண்ட நான் மீட்டரில் எண்ணை மாற்றவில்லை. சுற்றுக்கு நாற்பது மில்லிமீட்டர் கூட்டிச் சொன்ன பொய். இருபது கிலோமீட்டருக்கு முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர் குறைகிறது. ஏறக்குறைய முப்பத்து நான்கு விநாடி.

என் 29:51 உண்மையில் 30:25. போஸ்ட்மேன் 30:32. பலகையில் உள்ள ஐந்து பேரில் நர்ஸ் ஒருத்திதான் மிஞ்சுவாள். அவள் 27:40, அவளை எதுவும் தொடாது.

மே 1, வியாழன்

கணவரிடம் சொன்னேன். "இதுக்கு யார் குடி முழுகிப் போச்சு? ஒருநாள் போய்க் கோட்டத் தள்ளிப் போட்டுட்டு வந்துடு. பழைய கோடு அழிஞ்சிடுச்சுன்னு சொல்லு. பலகைல இருக்கறது இருக்கட்டும்."

செய்யலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நான் அளந்தது என்றால் யாரும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல். அந்த மனுஷன் அழுதாரே, அத நான் எப்படிப் புடுங்கறது? புடுங்காம எப்படி இருக்கறது? ஒரு எண்ணப் பாக்க ஒரு நிமிஷம் ஆகுமாடி உனக்கு?

மே 3, சனி

எழுதிவிட்டார். "அரை மில்லி 29:51." மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்து. "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

மே 4, ஞாயிறு

ஓட்டம் தொடங்கும் முன் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். மீட்டரையும் டேப்பையும் காட்டினேன்.

போஸ்ட்மேன், "என்னோடது எவ்ளோ வருது?" என்றார்.

"30:32."

"சரிங்க" என்றார். என்னை ஒருநாளும் அவர் ங்க போட்டுப் பேசியதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் நீள டேப் கொண்டுவந்து மதியம்வரை அளந்தார்கள். கோடு நூற்று எண்பத்தெட்டு மீட்டர் தள்ளிப் போனது. நான் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 14, புதன்

பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

மே 25, ஞாயிறு

புதுக் கோட்டில் 30:31. போஸ்ட்மேன் இன்றும் வரவில்லை. ஓட்டத் தேதிகளை மட்டும் செய்தியாக அனுப்புகிறார், எல்லோருக்கும் சேர்த்து.

ஜூன் 12, வியாழன்

விட்டுவிடலாமா? காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கட்டிலில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போனேன். போகாமல் இருந்தால் அந்த இருபது நிமிடம் வீண்தானே.

ஜூன் 18, புதன்

வேலைக்கு முன் தனியாகக் கோடுவரை போனேன். எதிரே குனிந்தபடி ஒருவர் வந்தார். போஸ்ட்மேன். கோட்டில் திரும்பி வந்தவர், என்னைத் தாண்டிப் போனார். தலையைத் தூக்கவில்லை. ஆனால் சரியாக ஓட்டினார், முகவாய் கையில்.

ஜூலை 6, ஞாயிறு

போஸ்ட்மேன் வந்தார். கடிகாரம் பிடிப்பவர் லீவு. ஐந்தாறு பேர் கை நீட்டினார்கள். அவர் அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நீ புடிம்மா. உள்ளத உள்ளபடி சொல்லு."

அவர் திரும்பி வருவது தெரிந்தபோது கடிகாரம் 29:40. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது 30:06. நின்றதும் என் முகத்தைத்தான் பார்த்தார். சொன்னேன். ஒரு பாட்டில் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார்.

"சரி, இப்ப நீ ஏறு" என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்கு 30:11. அவரைவிட ஐந்து விநாடி மெதுவு. அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார், ரோட்டுக்கே கேட்கிற மாதிரி. அப்புறம் சிரித்தார்.