அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

அண்ணே,

நேற்றுக் காலை டிஸ்பென்சரி வாசலில் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, கிரீஸும் சேறும் கலந்த அந்த வாசம் முகத்தில் அடித்தது. புது டிரைவர் தம்பி வண்டியைப் பின்னுக்கு எடுத்து முன்னுக்கு நகர்த்திய நேரம் ‘டொக்’ என்றொரு சத்தம். ரேடியோப் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் அதே ‘டொக்’. “சத்தமா? ஒண்ணும் வரலியே மிஸ்” என்றார். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வண்டி இன்று யட்டியாந்தோட்டையில் மெக்கானிக் நானாவின் கராஜில் நிற்கிறது. மேல் டிவிஷனுக்குப் போக வழியில்லாததால் எனக்கு ஒரு பகல் மிச்சம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முந்திய வருடத்து மழைக்காலம். நீங்கள் தோட்டத்து ஜீப் டிரைவர், நான் பிள்ளைப்பேறு பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது. மேல் டிவிஷன் லயத்து வீடுகளிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் கீழே இறக்க நமக்கிருந்தது அந்த ஒரே வண்டி. ரப்பர் மலையைச் சுற்றி ஏறும் கல்ரோடு, ஒரு பக்கம் பள்ளம். பின் பெஞ்சில் நோயாளிக்குப் பக்கத்தில்தான் நான் உட்காருவேன். ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது என் காலடியில் ஒரு ‘டொக்’ கேட்டது.

“அண்ணே, ஏதோ அடிக்குது” என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“ஆமா மிஸ்” என்றீர்கள். கொஞ்ச தூரம் போனபின், “எந்தப் பக்கமா வருது? முன்னாலயா, பின்னாலயா?”

“உங்களுக்குத் தெரியலியா?”

“நீங்க சொல்லுங்க மிஸ்.”

விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

நானா வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “குரோஸ் போய் ஈக்குது” என்றார். கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் முனையில் சிலுவை மாதிரி ஒரு இணைப்பு இருக்கிறது, அதுதான் குரோஸ் என்று நீங்கள் விளக்கினீர்கள். புதிது போட்டு வந்த அன்றே, முதல் ஏற்றத்தில், ‘டொக்’. அடுத்ததாக கியர் பொக்ஸைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். அதற்கும் நிற்கவில்லை. மூன்றாம் முறை போனபோது நானா சிரித்தார். “டிரைவரே ஒண்டும் செல்றல்ல, மிஸ்ஸுக்குத்தான் எல்லாச் சத்தமும் கேக்குது.”

தோட்டத்துத் தொரைக்கும் பொறுமை போய்விட்டது. “வண்டி ஓடுதுதானே? அப்ப ஓட்டு” என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. சில நாட்கள் கேட்கும், சில நாட்கள் கேட்காது. இரவில் படுத்தாலும் காதுக்குள் அடிப்பது போலிருக்கும். இல்லாத ஒன்றைத்தான் கேட்கிறேனோ என்று பயந்தேன். அப்போதுதான் நீங்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தொரையின் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்.

“சத்தம் இருக்குங்க. மிஸ் கேட்டா அது இருக்கும்.”

வெளியே வந்ததும் என்னிடம் ஒரு வேலை தந்தீர்கள். “வலி வந்தவங்ககிட்ட எத்தன நிமிசத்துக்கு ஒருக்கான்னு கேட்டு எழுதுவீங்கள்ல மிஸ்? அதே மாதிரி இதையும் எழுதுங்க. எப்ப, எங்க, ஒரு தரமா ரெண்டு தரமான்னு.”

எழுதினேன். மூன்று நாளில் ஒன்று விளங்கியது. பிரேக் பிடித்தால் ஒரு தரம், திரும்ப எடுத்தால் ஒரு தரம், இடையில் எதுவுமில்லை. ஆள் நிறைந்திருந்தால் மட்டும். எப்போதும் இடது பின்பக்கம். நீங்கள் நான் எழுதிய கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தீர்கள்.

“சுத்துற சாமானெல்லாம் பாத்தாச்சு மிஸ். இது சுத்துறது இல்ல. ஏதோ ஒண்ணு எடம் மாறி எடம் மாறி உக்காருது.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நல்ல சட்டையோடேயே வண்டிக்கு அடியில் போய்விட்டீர்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்து, நீளத் தண்டைக் கையால் திருகிப் பார்த்தீர்கள். ஆட்டமில்லை. என் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டையிலிருந்து பின் அச்சுவரை ஒரே கோடாக இழுத்தீர்கள். நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினோம். வளைவுவரை போய், பிரேக் பிடித்து, எடுத்து, திரும்ப நிறுத்தினீர்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையசைத்தேன், நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்கள்.

இறங்கிப் பார்த்தோம். வலது பக்கக் கோடு நேராக இருந்தது. இடது பக்கக் கோடு ஒரு விரலளவுக்கு விலகியிருந்தது. பட்டைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் நடு ஆணி உள்ளுக்குள் முறிந்துபோயிருந்தது. அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. அந்தப் பக்கத்து அச்சு முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்து இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அடியில் படுத்தபடியே நீங்கள் சொன்னீர்கள். “இது முழுசா களண்டிருந்தா, வளைவுல ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சும் பிரயோசனமில்ல மிஸ்.”

நானா முறிந்த ஆணியைக் கையில் வைத்துப் பார்த்து, “மிஸ், மன்னிச்சிக்கோங்க” என்றார். புது ஆணி போட்ட அடுத்த வாரமே, கொட்டும் மழையில், ஒரு பிள்ளைத்தாச்சியை இறக்கினோம். பள்ளத்து வளைவில் விழுந்து கிடந்த கிளைக்காக நிறுத்தி, திரும்ப எடுத்தீர்கள். சத்தமில்லை. இல்லை என்று தலையை ஆட்ட நான் நிமிர்ந்தபோது, நீங்கள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதுவரைக்கும் எல்லாம் எனக்கு விளங்கும் அண்ணே. இனிமேல்தான் விளங்கவில்லை.

போன மாதம் உங்கள் மனைவியைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா உங்கள் கடதாசிப் பையைக் கொண்டுவந்து வைத்தார். “எல்லாம் சிங்களத்துல கெடக்கு. எது வேணும், எது வேணான்னு பாருங்க மிஸ்.” லைசன்ஸ் கடதாசிகளுக்கு நடுவில் கேகாலை ஆஸ்பத்திரியில் காது சோதித்த சீட்டு ஒன்று இருந்தது. இரண்டு காதும் மோசம், கருவி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த மழைக்காலத்துக்கும் முந்திய திகதி.

“அக்கா, அண்ணனுக்குக் காது...”

“கிட்ட வந்து கத்துனாத்தான் கேக்கும். மத்தபடி வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்குவாரு. தொரைக்குத் தெரிஞ்சா வண்டிய எடுத்துருவாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னாரு. மிஸ் பின்னால இருந்தா எனக்குப் பயமில்லன்னு சொல்லுவாரு.” என் முகத்தைப் பார்த்தார். “தெரியுந்தானே மிஸ்?”

“தெரியும் அக்கா” என்றேன்.

நீங்கள் எப்போது என்னிடம் சொன்னீர்கள்? நானும் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். ஜீப்பின் இரைச்சலில் நீங்கள் ஏதாவது சொல்லி, நான் சரியாகக் கேட்காமல் “சரி அண்ணே” என்றேனா? அல்லது, “எந்தப் பக்கமா வருது மிஸ்?” என்று நீங்கள் கேட்டதே சொன்னதுதானா?

வளைவுகளில் எதிரே ஹோர்ன் சத்தம் வந்தால் உங்கள் தோளைத் தட்டுவேன். மழைக்கும் இன்ஜினுக்கும் என் குரல் எட்டாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் வெயில் நாட்களிலும் தட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெண் வாந்தி எடுக்க, அவளைப் பிடித்துக்கொண்டிருந்ததில் நான் தட்டவில்லை. லொறி முகத்துக்கு நேரே வந்துவிட்டது. நீங்கள் ஒடித்து ஓரத்தில் நிறுத்தினீர்கள்.

“ஹோர்ன் அடிச்சது கேக்கலியா?” என்று கத்தினேன்.

“நீங்க சொல்லலியே மிஸ்” என்றீர்கள்.

என்ன திமிர் என்று இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. இப்போது அந்த வார்த்தையை நினைத்தால், அது திமிரில்லை என்று விளங்குகிறது.

உங்கள் மேல் கோபம் வருகிறது. பின்னால் படுத்திருந்த தாய்மார் உங்களையும் என்னையும் நம்பித்தானே ஏறினார்கள்? நேராகச் சொல்லியிருந்தால், நான் தொரையிடம் போயிருப்பேன். போயிருக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் இல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டையோடு வண்டிக்கு அடியில் யார் படுத்திருப்பார்கள்? தனக்கே கேட்காத சத்தத்துக்காகத் தொரையின் முன் யார் நின்றிருப்பார்கள்? இந்த இடத்துக்கு வந்ததும் கோபம் எங்கோ போய்விடுகிறது. மறுநாள் திரும்ப வருகிறது.

அக்காவிடம் “தெரியும்” என்றேனே, அது பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாதவள் ஏன் ஒவ்வொரு வளைவிலும் தோளைத் தட்டினாள்?

இப்போதும் பின் பெஞ்சில்தான் உட்காருகிறேன். வளைவு வந்தால் என் கை தானாக எழுந்து தம்பியின் தோளில் விழுகிறது. அவர் திடுக்கிட்டு, “கேக்குது மிஸ், லொறி வருது” என்கிறார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அடுத்த வளைவுக்குள் அது மறுபடி எழுந்துவிடுகிறது.