ஒரு மூச்சில் எத்தனை சொல்

அன்பு மகன் வெஸ்லிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கே கென்டக்கியில் நானும் உன் அம்மாவும் நீ விட்டுப்போன அந்தச் சோம்பேறி நாயும் சுகமாக இருக்கிறோம், சுரங்க வேலைக்கு நீ போன அலபாமாவில் நீயும் மருமகள் மிஸ்டியும் குட்டிப் பயலும் அதே தயவில் இருக்க வேண்டுமென்று தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நேரே அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் முதலில் வீட்டுக் கதை. ஓடையில் தண்ணீர் ஏறி அவரைப் பந்தல் பாதி போய்விட்டது. மீதியை அம்மா பறித்து ஜாடிகளில் அடைத்துவிட்டாள், உனக்கென்று சிலது தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். உன் பெரியப்பா ட்வைட் இப்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் வாங்க நர்ஸம்மா, எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு, கொஞ்சம் பாருங்க என்கிறார். நர்ஸ் படிப்பு இல்லை, மூச்சு சிகிச்சைப் படிப்பு, முடித்தால் ஆஸ்பத்திரியில் மூச்சு விட முடியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறுவதில்லை.

கல்லூரி பரவாயில்லை. நான் வெட்டிய நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த வட்டாரத்தில் ஆள் எடுக்கிற இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதான், அதனால் ஐம்பத்து நான்கு வயதில் திராட்சை நிறத்தில் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருகிறேன். கணக்குதான் உதைக்கிறது. பக்கத்தில் உட்காரும் டெஸ்ஸா என்கிற பெண் உன்னைவிடப் பத்து வயது சின்னவள், அவள்தான் சொல்லித் தருகிறாள், பதிலுக்கு நான் அவள் காருக்கு எண்ணெய் மாற்றிக் கொடுக்கிறேன். எங்கள் ஆசிரியை மிசஸ் ராட்லிஃப் கண்டிப்பானவர். அவர் ஒருநாள் சொன்னார், நோயாளி சொல்ற கதைய அப்புறம் கேளுங்க, முதல்ல ஒரு மூச்சுல எத்தனை சொல்லு சொல்றார்னு கவனிங்க, நல்ல நெஞ்சுன்னா வாக்கியம் முடிஞ்சு மூச்சு வாங்கும், கெட்ட நெஞ்சு நடுவுலயே நிக்கும் என்று. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பாதிரியார் ஜெபம் பண்ணினால் ஜெபம் காதில் விழுவதில்லை, அவர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்க நிற்கிறார் என்றுதான் விழுகிறது.

அதற்கடுத்த ஞாயிறு நீ போனில் உன் புதுப் படகைப் பற்றிச் சொன்னாய். படகு என்ன நிறம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. மோட்டார் பழசுதாம்பா ஆனா என்று சொல்லிவிட்டு நின்றாய், மூச்சு வாங்கினாய், வித்த ஆள் நல்லவன் என்றாய், மறுபடி நின்றாய். மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாயா என்று நான் கேட்டேன் இல்லையா, நீ சிரித்துக்கொண்டே இல்லப்பா, சோபாவுல சாஞ்சு கிடக்கேன் என்றாய். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போய் நின்றேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் நான் போனுக்கு வரவில்லை, அப்பா படகு வாங்கினதுக்குக் கோபமா என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை மகனே, பயம். உன் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூச்சை அளக்கிற கருவியில் நாங்கள் ஒருவருக்கொருவர் ஊதிப் பழக வேண்டும். வருஷாவருஷம் சர்ச் மைதானத்தில் நெஞ்சுப் படம் எடுக்க இலவச வேன் வந்து நிற்கும்போதெல்லாம் நாம் சுரங்கத்துக்காரர்கள் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போவோமே, படத்தில் எதுவும் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, அந்தப் பழக்கம் எனக்குச் சுரங்கம் மூடிய பிறகும் போகவில்லை. எனக்கு ஜலதோஷம், இன்றைக்கு வேண்டாம் என்றேன். மிசஸ் ராட்லிஃப் என்னைப் பார்த்து, ஊதப் பயப்படுற நீங்க நாளைக்கு இன்னொருத்தரை எப்படி ஊதச் சொல்வீங்க என்றார். டெஸ்ஸா மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு ஊதுங்க டெல்மர், இன்னும் இன்னும், விடாதீங்க என்று குதிரைப் பந்தயம் பார்ப்பவள் போலக் கத்தினாள். மற்றவர்களுக்குத் திரையில் மலை மாதிரி எழுந்த கோடு எனக்கு மேடு மாதிரி எழுந்து படுத்துக்கொண்டது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். மிசஸ் ராட்லிஃப் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், தூசு நோய்தான், ஆனால் ஆரம்பம், படிப்பை முடிக்கலாம், வேலை பார்க்கலாம், இனி தூசுப் பக்கம் போகக் கூடாது என்றார். அம்மாவிடம் சில நாள் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது அவள் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா, எனக்கு எப்பவோ தெரியும் என்றாள். பிறகு, அப்ப வெஸ்லிக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஒரு பையனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், உன்னைவிட மூன்று நான்கு வயது மூத்திருப்பான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நிலக்கரி மெலிந்துபோன இடத்தில் கல்லையும் சேர்த்து வெட்டியவன், இப்போது நீ வெட்டுவது போலவே. கல் தூசு கரித்தூசைவிடக் கொடியது, எனக்கு முப்பது வருஷத்தில் வந்தது அவனுக்குப் பத்து வருஷத்தில் வந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன், என்ன பெருசு, உள்ள இன்னும் எத்தனை டன் கரி மிச்சம் இருக்கு என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குழந்தை செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கிற மாதிரி சத்தம் அவன் முதுகு முழுக்க. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், அவனுக்காக அல்ல, நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உனக்காக.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். கம்பெனி டாக்டரிடம் போகாதே, வெளி ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடு. படத்தில் ஏதாவது இருந்தால் தூசு குறைந்த இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, அதற்காக வேலையை விட்டுத் தூக்க முடியாது என்று மிசஸ் ராட்லிஃப் எனக்குத் தெளிவாகச் சொன்னார். முகமூடியைக் கழுத்தில் தொங்கவிடாதே, மூக்கில் போடு. வேலை உடுப்போடு பயலைத் தூக்காதே. மிஸ்டிக்கு எங்கள் அன்பு, இதைக் கேட்டு அவள் பயந்தால் திட்டாதே, பயப்படட்டும்.

கர்த்தர் உன்னை இருட்டிலிருந்து ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. படித்ததும் இதை மடித்து வைத்துவிடாமல் நாற்காலியில் உட்கார்ந்து மிஸ்டிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு, நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், படகு வருகிற அந்தப் பத்தியில் மட்டும் வாக்கியத்தின் நடுவில் நான்கு இடத்தில் நின்றேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு, உனக்கு இருபத்தொன்பது. நீ எத்தனை இடத்தில் நின்றாய் என்று மிஸ்டி எனக்கு எழுதட்டும், நீ எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டெல்மர்