உட்கார்ந்தால் வராத இங்கிலீசு

அப்பா,

இன்று காலை பாடசாலை அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். தரைக்குப் புதிதாகச் சிவப்பு மெழுகு போட்டிருந்தார்கள். குளிருக்காக யன்னல்களைச் சாத்தியிருந்ததால் வாசம் அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் சட்டையில் அடித்த அதே வாசம். எத்தனை முறை துவைத்தாலும் போக மாட்டேனென்கிறது என்று அம்மா சலித்துக்கொள்வாரே, அது. பின்னால் வந்த பாடசாலை அதிபர், "என்ன டீச்சர், வழுக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் போன பிறகு, ஹட்டனில் நான் மாற்றலாகி வந்த பாடசாலையில் ஒரு புதுக் காரியம் தொடங்கியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் இங்கிலீசில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே ஒரு பிரிவுதான். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பேசிப் பார்த்துத் தெரிவு செய்யும் மூன்று பேரில் நானும் ஒருத்தி. வெளியே விறாந்தையில், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். என் பிள்ளையைக் கரையேற்றிவிடு என்று கேட்கும் அந்தப் பார்வையைக் கண்டால் நான் கையிலிருக்கும் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். கரை எது என்று எனக்கே சரியாகத் தெரியாது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

கந்தப்பளைப் பக்கத்தில் நம் தோட்டத்துப் பங்களாவில் நீங்கள் அப்புவாக இருந்தீர்கள். சமையலும் நீங்கள்தான், மேசையில் பரிமாறுவதும் நீங்கள்தான், தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தரையைக் கண்ணாடி மாதிரி ஆக்குவதும் நீங்கள்தான். துரை சிங்களவர். ஆனால் பங்களாவுக்குள் அவரும் அவர் மனைவி லேடியும் பேசியது இங்கிலீசுதான். அதனால் உங்களுக்கும் இங்கிலீசு வந்தது. தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருக்கும் தெரியாத பாஷையை வாயில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் ஒரு சொல் பேச மாட்டீர்கள். அம்மா கிண்டல் செய்வார்:

"ஒங்கப்பா பங்களாக் கதவுல தொப்பிய மாட்டுற மாதிரி நாக்கையும் மாட்டிட்டு வந்துர்றாரு."

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீசு ஆசிரியர் வரவே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விஞ்ஞான டீச்சர் ஒருவர்தான் நேரம் கிடைத்தபோது கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று நான் உங்கள் பின்னாலேயே சுற்றுவேன். "அது பங்களா இங்கிலீசு தாயி. படிக்கிற இங்கிலீசு வேற" என்று தட்டிக்கழித்துவிடுவீர்கள். ஆனாலும் விடுமுறை நாட்களில் லேடியின் சின்ன மகளோடு விளையாட என்னைக் கூட்டிப்போவீர்கள் அல்லவா? குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டதெல்லாம் உங்கள் குரலைத்தான். "யெஸ், மாஸ்டர். கமிங், மாஸ்டர். டின்னர் இஸ் ரெடி, லேடி." எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? வேறு யாரோ ஓர் ஆள் உங்களுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். அப்படியே உறிஞ்சிக்கொண்டேன்.

உயர்தரப் படிப்பு முடித்த பிறகு இங்கிலீசு ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அது கிடைக்காவிட்டால் எனக்கு என்ன காத்திருந்தது என்பது நம் மூவருக்கும் தெரியும். அக்கா ஏற்கெனவே கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டம்மா எனக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். கந்தப்பளைக் கடைக்காரரிடம் அம்மா அதை நல்ல செய்தி போலச் சொன்னதும், வீட்டுக்கு வந்து நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிக்கொண்டே இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நேர்முகத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக என்னோடு இங்கிலீசு பேசச் சம்மதித்தீர்கள். நம் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த ஒரே நாற்காலியில் உங்களை உட்காரவைத்து, "நீங்கதான் பெரியய்யா. என்னயக் கேள்வி கேளுங்க" என்றேன். வாயைத் திறந்தீர்கள். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள். மறுபடியும் வரவில்லை. எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றதும், "குட் மோர்னிங், வாட் இஸ் யுவர் நேம், ப்ளீஸ்?" என்று தண்ணீர் மாதிரி வந்தது.

"என்னாப்பா, ஒக்காந்து பேசுங்க."

"ஒக்காந்தா வர மாட்டேங்குது தாயி. நின்னுதான பழக்கம்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்களும் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அந்த நேரம் நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களை நிற்கவைத்தே ஒத்திகை பார்த்து முடித்தோம்.

நுவரெலியாவில் நேர்முகம் நடந்த அறையிலும் தரை சிவப்பாகத்தான் இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். உட்காரச் சொன்னார்கள். நான், "இட்ஸ் ஓல்ரைட், சேர்" என்று சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. கடைசியில் ஒருவர், எங்களிடம் உனக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார். கேட்பது என்று ஒன்று இங்கிலீசில் இருப்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் சாப்பாட்டு அறையை விட்டு வெளியே வரும்போது சொல்வது மட்டும் நாக்கில் நின்றது.

"நோ, சேர். தேங்க் யூ, சேர். எனிதிங் எல்ஸ், சேர்?"

ஒருவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வகுப்பறையில் நிற்கப்போகிற ஆள் யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை மகள் என்று இங்கிலீசிலேயே மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

வெளியே உங்கள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தீர்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் மறைத்திருக்கலாம், ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. நீங்கள் யன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். இறங்குகிற நேரத்தில்தான் பேசினீர்கள்.

"ஏங்கிட்டருந்து ஒன்னுமே கத்துக்காம இருந்திருந்தா நீ பொழச்சிருப்ப."

அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நியமனம் கிடைக்கவில்லை என்று தாள் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

நம்மை அந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டது அம்மா. அதுவும் கோபத்தில். ஒரு பதிவுத் தபாலைக்கூடப் படிக்கத் தெரியாத மனுஷி, நாம் இரண்டு பேரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கேள்வி கேக்கத் தெரியலேன்னா ஏங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?" என்றார். அப்போதுதான் பிள்ளைக் காம்பராக் கதை நினைவுக்கு வந்தது. தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்தக் கட்டடத்தின் கூரை ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகியது. தேயிலை மலைக்கு வந்த துரையை மறித்து அம்மா தமிழில் கேட்டிருக்கிறார்: "பிள்ளக்காம்பரா ஒழுகுது. ஒங்க பங்களா ஒழுகுனா எத்தன நாளு பாத்துக்கிட்டு இருப்பீங்க?" மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எச்சிலை விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தாராம். அன்று மேசையில் சூப் வைக்கும்போது, அந்தப் பெண் யார் என்று துரை உங்களைக் கேட்டார். கட்டிய பெண்டாட்டியை, "ஐ டோன்ட் நோ, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். சாகும்வரை அம்மா உங்களை விடவில்லையே அதற்காக. ஆனால் கூரை மாறியது.

அடுத்த நேர்முகம் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில் நடந்த கூத்தை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே தமிழில் ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் அதை இங்கிலீசாக்க வேண்டும், உட்கார்ந்தபடி. நான் அதை வாங்கித் திருப்பிக் கேட்க வேண்டும், நானும் உட்கார்ந்தபடி. அம்மாவின் கேள்விகளில் பாதி உங்களைக் குத்துவதாகவே இருக்கும். பாதி வாக்கியத்தில் உங்கள் முழங்கால் தானாக எழுந்துவிடும். அம்மா தோளை அமுக்கி, "குந்துங்க" என்பார். கழுத்தெல்லாம் வேர்த்து வழியும் உங்களுக்கு, கந்தப்பளைக் குளிரில். துரைக்குப் பத்துப் பேர் விருந்தைத் தனியாகச் சமைத்தபோதுகூட நீங்கள் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்கள். அம்மாவின் கேள்வியைத்தான் எடுத்துப்போயிருந்தேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை வருடமாக ஏன் ஓர் இங்கிலீசு ஆசிரியரை அனுப்பவில்லை? அறையில் யாரும் சிரிக்கவில்லை. கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். நியமனக் கடிதத்தில் நம் பள்ளிக்கூடத்தின் பெயரையே போட்டு அனுப்பியிருந்தார்கள். கேட்டவளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் அது பொய், அப்பா. ஆசுபத்திரியில் உங்கள் கடைசி வாரம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நெஞ்சுக்குள் கத்தி வைத்து அறுக்கிற மாதிரி இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் முனகினீர்கள். பெரிய டொக்டர் வந்தார். தன்மையான மனிதர். "ஹவ் ஆர் யூ டுடே?" என்று இங்கிலீசில் கேட்டார். அவ்வளவுதான், கையை ஊன்றிக் கட்டிலை விட்டு எழப் பார்த்தீர்கள். வேண்டாம், படுங்கள் என்று அவர் தோளைப் பிடித்தார். "வெரி குட், சேர். நோ பெயின், சேர்" என்றீர்கள். நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை மாற்றினார்கள். நோய் முற்றியிருந்தது, அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் வலி இல்லை என்று சொல்லிக்கொண்டே போயிருப்பீர்கள் என்ற நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை.

அதனால்தான் இந்த வேலையில் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் யோசித்தே எழுதுகிறேன். பக்கத்துத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் விஞ்ஞான டீச்சரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிடுகிறார்கள். இலை ஏன் பச்சை, அட்டை கடித்தால் ஏன் வலிக்கவில்லை என்று சத்தம் சுவரைத் தாண்டி வரும். அதே லயத்துப் பிள்ளைகள் என் இங்கிலீசு வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு, "யெஸ், டீச்சர்" என்கிறார்கள். பார்க்க வருகிற அதிகாரிகள் என்ன ஒழுக்கம் என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். இங்கிலீசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அது இல்லாவிட்டால் நான் கொழும்பில் யாருடைய தரையையோ துடைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது எதைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்பதுதான் பயமாக இருக்கிறது.

இன்று கடைசியாக வந்தவள் ஒரு சின்னப் பெண். அம்மா கொழுந்தெடுக்கிறவர், அப்பா இல்லை. கேட்டதற்கெல்லாம் இங்கிலீசில் சரியாகப் பதில் சொன்னாள். முடிக்கும்போது நான் தமிழில், "எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமா, பிள்ள?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இங்கிலீசுல படிச்சா, நா என்னா படிக்கிறேன்னு எங்கம்மாவுக்கு வெளங்குமா டீச்சர்?"

என் பக்கத்தில் இருந்த ஆசிரியர் நல்ல மனதோடுதான் சொன்னார், இதையே இங்கிலீசில் கேள் பார்ப்போம் என்று. அவள் சட்டென்று எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு, "நத்திங், சேர்" என்றாள்.

நான் அவளை மறுபடி உட்காரவைத்தேன். தமிழிலேயே கேட்கச் சொன்னேன், நானே அதை இங்கிலீசாக்கி மற்ற இருவருக்கும் சொன்னேன். அவளைத் தெரிவு செய்துவிட்டோம். விறாந்தையில் அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஜனவரியில் அவள் என் வகுப்புக்கு வருகிறாள், அப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் கண்டுபிடிப்பதற்குள் அவள் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.