நீ கிழித்த பத்திரம்

அன்பு மாப்ளே சுப்பையா,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இந்த ஒரு வருஷமும் உன்னிடம் பேசப் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தால், வழியில் உன் தெரு வரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். இல்லாத ஆளுக்கு இப்படிப் பயப்படுகிறவனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

முதலில் சேதி. போன வாரம் கடையில் லுங்கிக் கட்டு ஒன்றை மேல்தட்டில் தூக்கி வைக்கும்போது நெஞ்சை அடைத்தது. அடைப்பு இருக்கும் என்கிறார் டாக்டர். வியாழக்கிழமை மதுரையில் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் சகஜம் என்று மகன் சுல்தான் தைரியம் சொல்கிறான். எனக்கு ஊசியும் குழாயும் பயமில்லை. நான் உனக்குத் தர வேண்டிய பாக்கிதான் பயம். உன்னைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது.

என் அத்தா மௌத்தானபோது நீ பள்ளிவாசலுக்கு வந்து ஓரமாக நின்றாய். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் நான் எழுந்து, "எங்க அத்தா யாருக்காவது பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பு" என்றேன். எங்கள் வழக்கம் அது. கடனோடு மண்ணுக்குள் போகக் கூடாது. திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "நல்ல வழக்கம் மச்சான். எங்க பக்கம் பதினாறு முடியட்டும்னு பாப்பாக, பொறவு வரிசையா வந்து நிப்பாக." இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் சுல்தான் அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைச் சொல்வான். எழுந்து வர வேண்டியவன் நீ ஒருவன்தான். எங்கிருந்து வருவாய்?

ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்த காலத்தில், பட்டாளத்திலிருந்து நீ கொண்டுவந்த பணத்தில் இரண்டு லட்சத்தை எடுத்துக் கொடுத்தாய். வட்டியில்லாத கைமாற்று. நான் புரோநோட்டு எழுதி நீட்டினேன். வாங்கிக் கிழித்துப் போட்டாய். "பத்திரம் எதுக்குய்யா? வீட்டுல ராசாத்தி கண்ணுல பட்டா, உன்னைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நெனப்புதான் வரும். நம்ம ரெண்டு பேரோட போகட்டும்." என் கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்பதாயிரம் திருப்பினேன். மீதி ஒரு லட்சத்து இருபதாயிரம் நிற்கும்போது நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் சட்டைப் பையில் ஐம்பதாயிரத்தோடு உன் வீட்டுக்கு வந்தேன். சோழபுரம் தோப்பில் போர்வெல் போட நீ வாங்கிய கடனுக்கு ஆட்கள் வந்து போயிருந்தார்கள். ராசாத்தி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "வந்தவுக அம்புட்டுப் பேரும் துண்டுச் சீட்டோடதான் வந்தாக. அழுகுறதுக்குன்னு வந்தது நீங்க ஒருத்தருதாண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டியிருந்தது மாப்ளே. வெட்கக்கேடுதான், சொல்லிவிட்டேன். அந்தப் பணம் பிறகு கடைச் சரக்குக்கும் மாத்திரைக்குமாகக் கரைந்துபோனது.

போன மாதம் இன்னொரு கூத்து. வட்டியே ஆகாதென்று இருந்தவன் வங்கியில் கடன் கேட்கத் துணிந்தேன். ராஜபாளையத்தில் கேட்டால் ஜமாத்து ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள், பொழுது சாய்வதற்குள் ஊர் பூராவும் பேசும். அதனால் என்னைத் தெரியாத இடமென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக்குப் போனேன். "இந்த வயசுக்குத் தனியா குடுக்க மாட்டாங்க பெரியவரே. மகனைக் கையெழுத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேனேஜர். வெளியே வந்தால் நகைக்கடன் வரிசையில் ராசாத்தி.

"வட்டியை மட்டும் கட்டி, தோப்புக் கடனுக்கு வச்ச சங்கிலியை மாத்தி வைக்க வந்தேண்ணே. இது ரெண்டாவது தடவை. நீங்க எங்க இம்புட்டுத் தூரம்?"

"பாஸ்புக் பதிய வந்தேம்மா" என்றேன். அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது.

அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அவள் கட்டுகிற ஒவ்வொரு வட்டியும் நான் வாய் திறக்காததால் கட்டுவது. நான் வட்டிக்கு வாங்காத மனுஷன் என்று இத்தனை வருஷம் பெருமையடித்தேன், என் பங்கு வட்டியை உன் பெண்டாட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் ஒரு லட்சம் திரும்பி வரும், சரக்கை மொத்தமாகத் தள்ளினால் மீதியும் தேறும். ஆனால் கட்டிடச் சொந்தக்காரர் மாதக் கடைசியில்தான் தருவாராம். அதுவரை இந்த நெஞ்சு தாங்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு டீக்குக்கூட மகன் கையைப் பார்க்க வேண்டிவருமோ என்றும் பயமாக இருக்கிறது. 'ஒரு வருஷமா ஏன் சொல்லலை' என்று ராசாத்தி கேட்டால் என்ன சொல்வேன்? நீயாவது ஒரு பதில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இதை யார் எடுத்தாலும் படிக்கும்படி காகிதத்தில் எழுதுவதும் பயத்தால்தான். எனக்குள்ளேயே வைத்திருந்தால், நாளைக்கும் ஏதாவது ஒரு பாஸ்புக் கதையைச் சொல்லித் தப்பித்துவிடுவேன்.

இன்றைக்கே சுல்தானிடம் சொல்லிவிடுவேன். நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. பணம் பின்னால்தான் வரும், நாளைக்கு வெறுங்கைதான். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ராசாத்தியிடம் வாய்விட்டுச் சொல்வேன். வாய் வரவில்லையென்றால் இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். தொகை எழுதியிருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை கிழிக்க நீ இல்லை.

ராசாத்தி நாளைக்கும் என்னை அண்ணே என்று கூப்பிட்டால்,
இன்னமும் உன் மச்சான்,
காதர் மைதீன்
ராஜபாளையம்