பொதுச்சுவருக்கு ஒரு கையெழுத்து

சார்,

உங்கள் மகன் போன வாரம் பெங்களூரிலிருந்து வந்து விரித்த வரைபடத் தாள் இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் என் கண்ணாடிக் கூட்டையும் மறுமுனையில் மாத்திரை டப்பாவையும் வைத்தான். "ஆத்தை ரிப்பேர் பண்ணப் போறேன் மாமா. உள்ளறையில ஒரு பாத்ரூம் வரது. பொதுச்சுவர்ங்கறதால உங்க கையெழுத்து வேணுமாம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரித் தாளோடு நான் உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கதையை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

அப்போது என் மனைவி கொல்லைப்புறக் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிமேல் படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பாத்ரூம் போறதுக்கு இன்னொருத்தர் கைய எதிர்பார்த்துக்கிட்டு அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேங்க. தங்கச்சி ஃபிளாட்டுக்கே போயிடறேன், அங்க ரூமுக்குள்ளயே இருக்கு" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று அன்றைக்கே கொத்தனாரைத் தேடிப் போனேன்.

படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையைக் குளியலறையாக மாற்றுவது என்று முடிவானது. நாலு டைல்ஸ் மாற்ற யாரும் அனுமதி கேட்பதில்லைதான். ஆனால் இது பொதுச்சுவரைக் குடைந்து குழாய் பதிக்கிற வேலை. பாதாளச் சாக்கடைக்குப் புது இணைப்பும் வேண்டும். "பாத்ரூமுக்கெல்லாம் யாருங்க பெர்மிஷன் வாங்குறாங்க?" என்றார் கொத்தனார். "நீர் வாங்கும் ஓய்" என்றீர்கள் நீங்கள். சொன்னதோடு நிற்காமல் மாநகராட்சி அலுவலகத்துக்கும் கூடவே வந்தீர்கள். வீட்டு வரி ரசீதைக் கொண்டு போனால் பத்திர நகல் எங்கே என்றார்கள். பத்திரத்தைக் கொண்டு போனால் இன்ஜினியர் போட்ட வரைபடம் என்றார்கள். நான் கத்த வாயெடுத்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள்.

"ஃபைலை விரட்டப்படாது ஓய். மிரண்டு ஓடிடும்."

ரயில்வே பணிமனையில் சுத்தியல் பிடித்தவனுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? தபால் ஆபீசில் குப்பை கொட்டிய உங்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது.

கடைசியாகக் கேட்டது, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் கடிதம். அது நம்ம வீட்டு வேலை, பத்து நிமிஷம் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். நீங்கள் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். "எந்த எடத்துல வரது?" என்று கேட்டீர்கள். விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தீர்கள்.

"ஏகாதசி போகட்டும் ஓய். துவாதசி அன்னிக்குத் தரேன்."

மூன்று நாள்! ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். "ஆபீஸ்காரங்களே தேவலை. கூடவே சுத்துன மனுஷன் ஒரு கையெழுத்துக்கு நாள் பாக்குறாரு!" அந்த மூன்று நாளும் உங்களோடு பேசவில்லை. படித்து முடித்த பேப்பரைக்கூட உங்களுக்குத் தராமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். அற்பத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

துவாதசி அன்று காலையில் நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் நீங்களே வந்தீர்கள். கையில் கடிதம். "உம்ம ஆத்துக்காரியைச் சீக்கிரம் அழைச்சுண்டு வாரும்" என்றீர்கள். மூன்று நாள் பேப்பரையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

அனுமதி வந்தது, வேலையும் முடிந்தது, அவளும் வந்தாள். கட்டிலிலிருந்து ஆறே அடி. சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துத் தானே நடந்து போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டு வெளியே நின்று அழுதேன்.

அதற்கப்புறம்தான் என் காதுப் பிரச்சினை. தினமும் காலை ஏழரைக்கு நீங்கள் பூஜையில் அடிக்கும் மணி, எங்கள் வீட்டுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி கணீரென்று கேட்கும். குளியலறை கட்டியபின் அது எங்கோ தொலைவில் கேட்டது. எனக்குக் காது மந்தமாகிறது என்று பயந்துபோனேன். புத்தூரில் காது டாக்டரிடம் கூட வந்ததும் நீங்கள்தான். அவர் சோதித்துவிட்டு, "காதுல ஒரு பழுதும் இல்லீங்க" என்றார். "இவர் மணியே சரியா கேக்கலீங்களே!" என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். நீங்கள் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பும்போது காபி வாங்கிக் கொடுத்து, "வயசாறதோன்னோ ஓய்" என்றீர்கள்.

போன வாரம் உங்கள் மகன் இடத்தைக் காட்ட என்னை உள்ளே கூட்டிப்போனான். இத்தனை வருடத்தில் உங்கள் கூடத்தைத் தாண்டி நான் போனதில்லை. உள்ளறையில் நம் பொதுச்சுவரில் ஒரு மாடம் இருந்தது. விளக்குப் புகை படிந்து கறுத்த, காலி மாடம்.

"கோயிலாழ்வார்னு நாங்க சொல்ற பெருமாள் பெட்டி, தாத்தா காலத்துலேர்ந்து இந்த மாடத்துலதான் மாமா இருந்தது. அப்பா திடீர்னு ஒரு துவாதசி அன்னிக்குப் பெருமாளை எதிர்ச்சுவத்துக்கு எழுந்தருளப் பண்ணிட்டார். ஏம்ப்பான்னு போன்ல கேட்டேன். அந்தப் பக்கம் அவருக்குக் காத்து நன்னா வரதுன்னார்."

அப்படியே நின்றுவிட்டேன், சார். நான் கழிப்பறை வைத்தது உங்கள் பெருமாளின் முதுகுக்குப் பின்னால். எங்கள் வரைபடத்தில் அந்தச் சுவருக்கு அப்பால் 'அடுத்த வீடு' என்று எழுதி வெறுமனே விட்டிருந்தார் இன்ஜினியர். தினமும் மணியைக் கேட்ட என் மரமண்டைக்கு அல்லவா உறைத்திருக்க வேண்டும்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வேலையை நிறுத்தியிருப்பேன். குழாய் போக வேறு சுவர் இல்லை. அவள் தங்கச்சி ஃபிளாட்டுக்குப் போயிருப்பாள். அதெல்லாம் தெரிந்துதான் நீங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

உங்கள் மகனுக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கம்பியைப் பிடித்தபடி குளியலறை வாசல்வரை போய் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு, "காது டாக்டர்கிட்ட வேற கூட வந்தாரே அந்த மனுஷன்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெருமாளை உங்கள் மகன் பெங்களூருக்கு எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் ஒரு வாரமாக ஏழரை மணிக்குக் குளியலறைக் குழாயை மூடிவிடுகிறேன். அவளும் அந்த நேரத்தில் உள்ளே போவதில்லை. டைல்ஸில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. என் காதில் பழுது ஒன்றும் இல்லை, சார். டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்.